மூன்றாவது காணும்

அவர் தன் வாழ்நாளில் எத்தனையோ கொலைகளை ஒப்புக்கொண்டவர். ‘நான்தான் வெட்டினேன்’ என்று நீதவானுக்கு முன்னால் நின்று, தெளிவான ஆங்கிலத்தில், குரல் நடுங்காமல் சொன்னவர். ஆடு களவெடுத்ததும் அவர்தான், வேலியைப் பக்கத்துக் காணிக்குள் அரக்கி வைத்ததும் அவர்தான், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து விசில் அடித்ததும் அவர்தான். ஒரு நாளாவது மறியலில், சிறையில், இருந்ததில்லை. மாதம் முடியச் சம்பளம் வேறு எடுத்தார். கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், மொழிபெயர்ப்பாளர் வேலை அப்படி. கூண்டில் நிற்கிறவன் ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த உத்தியோகத்துக்கு முதலியார் என்று பெயர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அதை அவருடைய மனைவியே பாவித்ததில்லை என்பதால் நானும் பாவிக்கவில்லை.

நான் அவரோடு பழகியது அவர் ஓய்வுபெற்ற பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நிவாரணப் பகுதிக் கிளாக்கர். என் தொழில் கேட்பது. மா கேட்பது, பருப்புக் கேட்பது, கூரைக்குக் கிடுகு கேட்பது, கேட்டது வராதபோது ஏன் வரவில்லை என்று கேட்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலதிக நிதி வேண்டுமென்று கொழும்புக்கு எழுதுவது. ‘மேலதிக’ என்ற சொல்லை அடித்து அடித்தே எங்கள் ரைப்ரைட்டரில் ‘ல’ எழுத்துத் தேய்ந்துபோனது. அதற்குப் பிறகு நாங்கள் ‘மே திக’ நிதி கேட்டோம். இரண்டுக்கும் கொழும்பு ஒரே பதிலைத்தான் தந்தது. அதாவது, தரவில்லை.

நடுநடுவே வெளிநாட்டுக்காரர் வருவார்கள். தீவுப்பகுதியிலிருந்தும் வடக்குக் கரையிலிருந்தும் இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடங்களிலும் கோவில் மடங்களிலும் நிரம்பிக் கிடந்த காலம் அது. வருகிறவர்களுக்கு முகாம்களைக் காட்டவேண்டும், இரண்டு பக்கமும் பேசுவதை மொழிபெயர்க்கவேண்டும். முதலில் அதை நான்தான் செய்தேன். கந்தோரில் ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி ஒரு வதந்தி இருந்தது, பரப்பியவனும் நானே. ஒருமுறை ஒரு வெள்ளைக்கார டொக்டர் அம்மாவிடம் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் என்று சொல்லப்போய், வயிறுகள் ஓடுகின்றன என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நானும் மரியாதைக்குக் கையை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டினேன்.

அடுத்த கிழமை எங்கள் கந்தோர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

“நீர் இனி எழுத்து வேலையை மட்டும் பாரும். வெளிநாட்டுக்காரர் வந்தால் வாயை மூடிக்கொண்டு நில்லும். கதைக்கிறதுக்கு ஒராளைப் பிடிச்சிருக்கிறன்.”

அப்படித்தான் முதலியார் வந்து சேர்ந்தார்.

வெள்ளை லோங்ஸ் காற்சட்டை, கறுத்தக் கோட்டு, சைக்கிள் ஹாண்டிலில் தொங்கும் குடை. சோப்புக்குத் தடையிருந்த நாட்கள் என்பதால் ஊரே பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தது. முதலியாரின் வெள்ளை லோங்ஸ் மெல்ல மெல்ல மாம்பழ நிறத்துக்கு வந்தது. தெருவில் நிற்கும் மாடுகள் பனம்பழ வாசத்துக்கு அவருடைய காலை முகர்ந்துகொண்டு பின்னால் வரும். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். இரண்டு மாடுகளும் ஒரு கன்றும் பின்தொடர, கோட்டுக்குப் போகிற நடையில் கந்தோருக்குள் வருவார்.

வந்த முதல் நாளே தன் சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

“கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். நான் ஒரு பீலி, தம்பி. கிணத்திலை இருந்து தோட்டத்துக்குத் தண்ணி போற பீலி. பீலிக்குத் தாகம் இருக்கக்கூடாது.”

பகிடியாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்குப் பகிடி வராது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை முகாமொன்றில் ஒரு கிழவி வெள்ளைக்காரர் ஒருவருக்குத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, பொம்பர் வந்து சுற்றத் தொடங்கியது. கிழவி கடைசிச் சொல்லைச் சொல்லிக்கொண்டே பங்கருக்குள் இறங்கினாள். வெள்ளைக்காரர் அவளுக்கு முன்னால் இறங்கினார். நான் வெள்ளைக்காரருக்கும் முன்னால் இறங்கியிருந்தேன். முதலியார் மட்டும் முற்றத்தில் நின்று, கிழவியின் மிச்ச வசனத்தை வெறும் முற்றத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“விசரோ ஐயா உங்களுக்கு?” என்றேன்.

“அவ சொல்லி முடிச்சிட்டா. நான் முடிக்கேல்லை,” என்றார், கறுத்தக் கோட்டில் பட்ட மண்ணைத் தட்டியபடி.

ஆட்டுக்கள்ளனின் கதையையும் அவரே சொன்னார். பெருமையாகவுமில்லை, கவலையாகவுமில்லை, நேற்றுச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியதைச் சொல்வதுபோல. எவனோ ஒரு கூலிக்காரன், ஆடு களவெடுத்த வழக்கு. எடுத்தாயா என்று நீதவான் கேட்டார். ‘எடுத்தனான்தான் ஐயா, ஆனால்…’ என்று தொடங்கியவனுக்கு அழுகை வந்துவிட்டது. வாய் திறக்க முடியவில்லை. முதலியார் நீதவானைப் பார்த்து, ‘எடுத்தேன்தான் ஐயா, ஆனால்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிறுத்தினார். நீதவான் காத்திருந்தார். ‘ஆனாலு’க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஆறு மாதம் விழுந்தது.

“நீங்கள் ஒரு சொல்லைப் போட்டிருக்கலாமே ஐயா.”

“எந்தச் சொல்லை?”

“பசி எண்டு.”

“அவனுக்குப் பசியெண்டு உமக்கு ஆர் சொன்னது?”

அவன் சும்மா கறிக்கு ஆசைப்பட்டும் எடுத்திருக்கலாம். ஆனால் அந்த ‘ஆனாலை’ அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருக்கிறாரே இந்த மனிசன் என்று நினைத்தேன்.

அந்தச் சோறும் அவருக்கு லேசில் கிடைத்ததல்ல. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலிக்கு அப்பால் நின்று இவருடைய மனைவியின் சமையலைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். ‘என்னவாம் அவ?’ என்று மனைவி கேட்டாள். பழக்கதோஷம். மனைவியை நேரே பார்த்து, “நானெண்டால் உந்தச் சொதியை மாட்டுக்கும் வைக்கமாட்டன்,” என்றார். பக்கத்து வீட்டுக்காரி சொன்ன ‘நான்’ அது. மனைவிக்கு அதை விளங்கப்படுத்த மூன்று நாள் சென்றது. மூன்று நாளும் கந்தோரில் என்னுடைய சோற்றுப் பார்சலில் பாதியைத் தின்றார்.

இப்படிப்பட்ட ஒருவரை நம்பித்தான் அந்த வருஷம் எண்பது குழந்தைகளின் பால் கிடந்தது.

உடுவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தீவுப்பகுதிச் சனத்தின் முகாம் இருந்தது. அங்கே சிறு குழந்தைகளுக்குக் காலையில் ஒரு கோப்பை பால். பால்மா ஒரு குளிர் நாட்டிலிருந்து வந்தது. நாட்டின் பெயர் வேண்டாம். பனி பெய்யும் நாடு, நிறையப் பசுக்களுள்ள நாடு. கையிருப்பு மாரி மழை தொடங்கும்வரைக்கும்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் அந்த நாடு மேலதிகப் பணம் ஒதுக்கவேண்டும். அதைப் பார்த்து எழுதத் தூதரகத்திலிருந்து இரண்டாம் செயலாளர் ஒருவர் வந்தார். வயது முப்பதுக்குள். வெயிலில் அவருடைய மூக்கு இறால்போலச் சிவந்திருந்தது.

கந்தோரில் பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்தபடி அவர் நிலைமையை விளக்கினார். முதலியார் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்களிடமும் காசு முடிந்துபோச்சாம். அவர்களுடைய அமைச்சும் தங்கள் நாடாளுமன்றத்துக்கு மேலதிக நிதி கேட்டு எழுதப்போகிறதாம். தூதரகச் செலவுக்கும் வெளிநாட்டு நிவாரணத்துக்கும் சேர்த்து ஒரே வேண்டுகோளாம். அடடா, இவரும் நம்முடைய தொழில்தான் என்று நினைத்தேன். இவர்களுடைய ரைப்ரைட்டரிலும் ஏதாவது ஓர் எழுத்துத் தேய்ந்திருக்கும். அந்தக் குஷியில் பக்கத்திலிருந்த பியோனிடம் மெதுவாகச் சொன்னேன்.

“அப்ப இவரின்ரை விஸ்கியும் எங்கடை பால்மாவும் ஒரே சாக்குக்குள்ளையோ?”

முதலியார் அதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை விட்டேன். நல்ல காலம், வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலியார் அவருடைய பதிலையும் முகம் மாறாமல் எனக்குத் திருப்பினார்: “ஓம், கொடிக்கம்பமும் அதுக்குள்ளைதான்.”

எனக்குப் புத்தி இருந்திருந்தால் அந்த இடத்திலேயே வந்திருக்கவேண்டும். இந்த மனிசனுக்குக் கேட்கும் தூரத்தில் யார் எதைப் பேசினாலும் அது மறு பக்கம் போய்ச் சேரும் என்று.

வெள்ளைக்காரர் மேலும் ஒன்று சொன்னார். ஐந்து தாய்மாரிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு போகவேண்டுமாம். நாடாளுமன்றத்தில் யாராவது ஒருவர் எழும்பி, அந்தச் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கேட்பாராம். கண்ணால் பார்த்தது செல்லாதாம். வாயால் சொன்னது வேண்டுமாம்.

இதைக் கேட்டதும் இது சரிவராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காரணம், எங்கள் ஊரில் ஒரு சொல் இருக்கிறது: காணும். போதும் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். போதாது என்றால் காணாது. ஆனால் எவ்வளவு பசித்தாலும் ஒருவர் பரிமாற வரும்போது உடனே ‘இன்னும் போடுங்கோ’ என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. இலைக்கு மேலே கையைக் குறுக்கே பிடித்து ‘காணும், காணும்’ என்போம். பரிமாறுகிறவரும் அதைக் காதில் போடமாட்டார். இன்னொரு அகப்பை வைப்பார். மறுபடியும் ‘காணும்’ என்போம். இன்னொரு அகப்பை. முதலாவது காணும் மரியாதை, இரண்டாவது வெட்கம், மூன்றாவதுதான் வயிறு சொல்வது. மூன்று தரம் கேட்காமல் யாழ்ப்பாணத்தானுக்குக் காணுமா காணாதா என்பது கடவுளுக்கும் தெரியாது. இந்த வெள்ளைக்காரரோ ஒருதரம் கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளப் போகிறார்.

அன்றைக்கு மாலையே முதலியாரைப் பிடித்தேன்.

“ஐயா, நாளைக்கு அந்தத் தாய்மார் காணுமெண்டுதான் சொல்லுவினம். நீங்கள் காணாதெண்டு மாத்திச் சொல்லுங்கோ.”

“அவை எதைச் சொல்லுகினமோ அதைச் சொல்லுவன்.”

“குஞ்சு குருமனுகளின்ரை பால் ஐயா.”

“பீலிக்குத் தாகம்…”

“தாகம் பீலிக்கில்லை ஐயா, பிள்ளையளுக்கு.”

அவர் சைக்கிளில் ஏறப்போனவர் காலை இறக்கினார்.

“உம்மைப் பெரியவர் என்ன செய்யச் சொன்னவர்? வாயை மூடிக்கொண்டு நிக்கச் சொன்னவர். நாளைக்கு அதைச் செய்யும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகாமுக்கு முன்கூட்டியே போய்த் தாய்மாருக்குச் சொல்லிவைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சைக்கிள் ரியூப் வெடித்துவிட்டது என்றுதான் இதுவரை எல்லோருக்கும் சொல்லிவந்திருக்கிறேன். உண்மையில் மழை வரும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளைக்காரர் முகாமுக்குள் போய், தானாகவே முதலில் ஒரு பெண்ணுக்கு முன்னால் நின்றார். இருபத்தைந்து வயதிருக்கும். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மடியில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை. முகம் கழுவி, தலையை இழுத்து முடிந்து, தனக்குக் கிடைத்த ஆறடி இடத்தைக் கூட்டித் துப்புரவாக வைத்திருந்தாள். தீவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்ட வீடு அவளுடையது என்று பிறகு அறிந்தேன். வெள்ளைக்காரரைக் கண்டதும் எழும்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்கைச் சேலைத் தலைப்பால் துடைத்து, “இருங்கோ ஐயா,” என்றாள். “ஒரு வாய் தேத்தண்ணி தரவும் வழியில்லை,” என்று சொல்லி வெட்கப்பட்டாள். முதலியார் வாங்கையும் தேத்தண்ணியையும் வெட்கத்தையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பிறகு வெள்ளைக்காரர் கேள்வியைக் கேட்டார். முதலியார் அவளிடம் திருப்பினார்.

“உம்மடை பிள்ளைக்குக் கிடைக்கிற பால் காணுமோ?”

விருந்தாளி வந்து வாங்கில் இருக்கிறான். அவன் கொடுத்த சாமானைப் பற்றி அவனே கேட்கிறான். அவள் தலையைக் குனிந்து, குழந்தையின் தலையைத் தடவி, மெல்லச் சிரித்தாள்.

“காணும் ஐயா.”

முதலியார் வெள்ளைக்காரரைப் பார்த்து, ‘காணும்’ என்று அந்தத் தமிழ்ச் சொல்லையே சொன்னார். பிறகு, போதும் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். வெள்ளைக்காரர் உடனே எழுதவில்லை. குழந்தையின் மெலிந்த காலைப் பார்த்தார். மறுபடியும் முதலியாரைப் பார்த்தார். பேனையை உயர்த்தினார்.

நான் கண்டது அந்தப் பேனையை மட்டும்தான். போச்சு, எழுதப்போகிறான் என்று நினைத்தேன். பாய்ந்து அவளுக்குப் பக்கத்தில் போய், வெள்ளைக்காரருக்கு ஒரு பல்லிளிப்பைக் காட்டிக்கொண்டு, தமிழ்தானே என்ற தைரியத்தில் சொன்னேன்.

“பிள்ளை, காணாதெண்டு சொல்லும். அப்பதான் அங்கை இவை கூடக் காசு கேப்பினம்.”

முதலியார் என் பக்கம் திரும்பினார். அவருடைய முகத்தில் அன்றைக்கு ஒன்று தெரிந்தது. அது என்ன என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பிறகு வெள்ளைக்காரரிடம் திரும்பி, நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல், அப்பழுக்கில்லாத ஆங்கிலத்தில் சொன்னார்.

வெள்ளைக்காரர் தலையை ஆட்டினார். இப்போது எழுதினார்.

மிச்ச நான்கு தாய்மாரும் என் பேச்சைக் கேட்டிருந்தார்கள். நான்கு பேரும் ‘காணாது’ என்றார்கள். நான்காவது பெண் கேள்வி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். வெள்ளைக்காரர் ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு கோடு போட்டார், வேறொன்றும் எழுதவில்லை.

திரும்பி வரும்போது தெருவில் சைக்கிளை மறித்து முதலியாரோடு சண்டைக்குப் போனேன்.

“கண்டறியாத பீலி. உங்களுக்கு நெஞ்செண்டு ஒண்டு கிடக்கோ? நான் அவளுக்குச் சொன்னதை எதுக்கு அவனுக்குச் சொன்னனீங்கள்?”

“நீர் கதைச்சனீர். நான் சொன்னனான்.”

“மறைச்சிருக்கலாமே.”

“நீர் சொன்னதை மறைக்கிறவன் அவள் சொன்னதையும் மறைப்பான். பிறகு என்ரை வாயாலை வாற எதுக்கு மதிப்பு?” பிறகு கேட்டார். “நான் முதல் காணுமெண்டு தமிழிலை சொன்னதைக் கவனிச்சனீரோ?”

“அதுக்கென்ன?”

“ஒரு சொல்லுக்கு ஊர் வழக்கு எண்டு ஒண்டு இருந்தால், நான் கோட்டிலை முதல் அந்தச் சொல்லையே சொல்லுவன். பேந்து கொஞ்சம் பொறுத்திருப்பன். புத்தியுள்ள நீதவான் எண்டால், முதலியார், இந்தச் சொல்லை உங்கடை சனம் எப்பிடிப் பாவிக்கிறது எண்டு கேப்பார். கேட்டால் நான் சொல்லலாம். கேட்டதுக்குச் சொல்லுறது கூட்டுறதில்லை. இலையிலை மூண்டு தரம் காணுமெண்டு சொல்லுறது, முதல் ரெண்டும் பொய்யெண்டது, எல்லாம் சொல்லலாம்.” குடையைச் சரிசெய்தார். “அவன் புத்தியுள்ள பெடியன். அவன் பேனையை உயத்தினது எழுதிறதுக்கில்லை. கேக்கத்தான். வாயைத் திறந்தவன். நீர் குறுக்கை வந்து விழுந்தீர்.”

அவர் போய்விட்டார். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். பகிடி ஒன்று வருமா என்று தேடிப் பார்த்தேன். வரவில்லை.

மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. தமக்குக் கிடைப்பது போதும் என்று முதலாவது தாய் கூறினார். வேறுவிதமாகச் சொல்லும்படி அலுவலர் ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆகையால் ஏனைய நால்வரின் பதில்களையும் ஏற்க முடியவில்லை. இந்த முகாம் எமது மேலதிக நிதி வேண்டுகோளில் சேர்க்கப்படவில்லை.

ஒரே ஒரு ‘காணும்’ நாலு ‘காணாது’க்கு முன்னால் நின்றிருக்கமுடியாது. அதை நிற்கவைத்தவன் நான்.

கடிதத்தை முகாமில் வாசித்துக்காட்டும்படி பெரியவர் உத்தரவு போட்டார். முதலியார் அளவெட்டிக்குக் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தார். நாதஸ்வரம் கேட்பதில் அவருக்குப் பைத்தியம். வித்துவான் ஓரிடத்தில் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டால் வந்து இரண்டு கிழமை சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நாளாகப் பார்த்துத்தான் நான் முகாமுக்குப் போனேன்.

வாசித்தேன். இரண்டாவது வரி வந்தது. சுற்றிவர நூறு முகங்கள். இடுப்பில் குழந்தைகள். கண் தானாகவே ஒரு வரி கீழே இறங்கியது. நாலு வரிக் கடிதம் மூன்று வரியானது. முதலாவது தாய் போதும் என்றார், ஆகையால் மற்றவர்களின் பதிலை ஏற்கவில்லை, ஆகையால் பால் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

“ஆரது காணுமெண்டு சொன்னது?” என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னேன்.

“வேறை ஆர், எங்கடை காணுமக்காதான்.”

சனம் சிரித்தது. பால் போன சனம், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு சிரித்தது. எனக்குப் பகிடி நன்றாக வரும் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது; அன்றைக்கு அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அந்தப் பெயர் அவளோடு ஒட்டிவிட்டது. கிணற்றடிக்குப் போனால், “காணுமக்காவுக்கு அரை வாளி காணும், இஞ்சை விடுங்கோ,” என்று வாளியைப் பறித்தார்கள். மத்தியானச் சோற்றுக்கு வரிசையில் நின்றால், “அவவுக்கு அரை அகப்பை காணும்,” என்றார்கள். குழந்தை இரவிலே பாலுக்கு அழுதால், “உன்ரை கொம்மாவைக் கேள் பிள்ளை, அவ காணுமெண்டவ,” என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. இதெல்லாம் முகாம் பொறுப்பாளர் என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னவை. நானும் கூடவே சிரித்தேன். அவள் யாருக்கும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையாம். வரிசையில் தானாகவே கடைசிக்குப் போய் நின்றாளாம். தான்தான் பாலை நிறுத்தியவள் என்று அவளும் நம்பிவிட்டாள்.

மாரி பிடித்த பிறகு, இந்த விஷயத்தின் பைலை மூடுவதற்காகக் கடிதத்தின் தமிழாக்கம் ஒன்றைப் பெரியவர் கேட்டார். நான் வாசித்த மூன்று வரியையும் அடித்து, ‘சரியான மொழிபெயர்ப்பு’ என்று கையெழுத்துப் போடும்படி முதலியாரின் மேசையில் வைத்தேன். பாராமல் போடுவார் என்று நம்புகிற அளவுக்கு நான் மொக்கனில்லை. ஆனால் வேறு வழியிருக்கவில்லை.

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கைச் சுட்டுவிரலாலும் ஒரே நேரத்தில் கீழே இறங்கினார். இடது விரல் நின்றது. வலது விரலும் நின்றது.

“ஒரு வரி குறையுது.”

“மறந்து போச்சு ஐயா.”

“மறந்தனீரெண்டு எழுதித் தாறீரோ?”

நான் போய் ரைப்ரைட்டருக்கு உறை போட்டேன்.

“முகாமிலையும் இப்பிடித்தான் வாசிச்சனீரோ?”

உறையை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். அவர் கடிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்து, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சைக்கிளில் ஏறினார். மழை தூறிக்கொண்டிருந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் நானும் பின்னால் போனேன்.

முகாமில் அவள் அதே ஆறடி இடத்தில்தான் இருந்தாள். குழந்தை தோளில் கிடந்தது. கழுத்து நிற்கவில்லை, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எங்களைக் கண்டதும் எழும்பினாள், ஆனால் இருக்கச் சொல்லவில்லை. முதலியார் அவளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, கடிதத்தை விரித்து, கோட்டில் வாசிக்கும் குரலில், நாலு வரியையும் தமிழில் வாசித்தார். சனம் கூடிவிட்டது.

“அலுவலரெண்டது ஆர்?” என்று முந்தின கிழவரே கேட்டார்.

“இவர்,” என்றார் முதலியார், என்னைக் காட்டி. கேட்டதுக்குச் சொன்னார்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி, கொஞ்சம் சிரிப்பாக எழுதியிருப்பேன். பார்த்தார்கள், அவ்வளவுதான். கிணற்றடியில் அவளிடமிருந்து வாளியைப் பறித்தவளோ யாரோ, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். குழந்தையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“அப்ப இனிப் பால் வருமோ ஐயா?”

“வராது. அவை அங்கை எழுதி முடிச்சிட்டினம்.”

“அப்ப உதை என்னத்துக்கு ஐயா என்னட்டை வந்து வாசிச்சனீங்கள்?”

முதலியார் கடிதத்தை மடித்தார், மடிப்புச் சரியில்லை என்று திரும்ப விரித்து மடித்தார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பி, கைகளை உடம்போடு ஒட்டிவைத்து நின்று, அவள் கேட்டதை ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார். ‘என்னிடம்’ என்ற இடத்தில் என்னிடம் என்றே சொன்னார்; எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் தமிழில் கேட்டதை நான் தமிழிலேயே கேட்டிருந்தேன். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லி முடித்துவிட்டு, நான் சொல்லப்போகும் பதிலை அவளுக்குத் திருப்பிச் சொல்வதற்காக, அந்த மழைச் சத்தத்துக்குள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.